எல் போர்டைக் கழற்றிய அடுத்த நாள்: லைசென்ஸ் விதிகள் ஏன் இறுகுகின்றன?

[திரையில்: எல் போர்டு மாட்டிய கார். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர்.]

சாலையில் எல் போர்டு போட்ட வண்டியைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? கொஞ்சம் ஒதுங்கிப் போவோம், பொறுமை இல்லாதவர்கள் ஹாரனை அழுத்துவார்கள், எங்கே வந்து இடித்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருக்கும். ஆனால் விபத்துக் கணக்குகளை உட்கார்ந்து அலசியவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்க, மெதுவாக ஓட்டிப் பழகுகிற காலத்தில் விபத்து மிகக் குறைவு. டெஸ்டில் பாஸாகி, லைசென்ஸ் கைக்கு வந்து, அந்த எல் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாக வண்டியை எடுக்கிறார்களே, அந்த முதல் சில மாதங்கள்தான் ஒருவர் வண்டி ஓட்டும் காலத்திலேயே அதிக ஆபத்தானவை.

[திரையில்: வரைபடம். தாழ்வாகப் போகும் கோடு, லைசென்ஸ் கிடைத்த நாளில் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல இறங்குகிறது.]

இந்தக் கோட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் பேசப்போவது எல்லாமே இதைப் பற்றித்தான்.

எங்கேயாவது ஒரு அரசு "புதிதாக ஓட்டுபவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்குகிறோம்" என்று அறிவித்தால், உடனே எல்லோரும் டெஸ்டைத்தான் நினைக்கிறார்கள். கேள்விகள் கஷ்டமாகும், பரீட்சகர் இன்னும் கறாராக இருப்பார், அவ்வளவுதானே என்று. டெஸ்ட் ஒழுங்காக நடக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், கடுமை இருக்க வேண்டிய இடம் டெஸ்ட் நடக்கும் அந்த அரைமணி நேரம் இல்லை. அதற்கு முன்னால் எவ்வளவு ஓட்டினார், பாஸான பிறகு முதல் ஒரு வருடம் எப்படி ஓட்ட அனுமதிக்கிறோம், இந்த இரண்டும்தான் உயிரைக் காப்பாற்றும்.

ஏன் என்று சொல்கிறேன். கிளட்ச், கியர், பிரேக், ஸ்டீயரிங் இதெல்லாம் கைக்கும் காலுக்கும் சில வாரங்களில் பழகிவிடும். கண்ணுக்குப் பழக மாதக்கணக்காகும். புதிதாக ஓட்டுகிறவரின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்த ஆய்வுகள் எழுபதுகளிலிருந்தே இருக்கின்றன. பானட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரம், சாலைக் கோடு, இதற்குள்ளேயே அவர் கண் சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணாடியைப் பார்ப்பது குறைவு, தூரத்தைப் பார்ப்பதும் குறைவு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரமாக ஒரு பேருந்து நிற்கிறது. புதியவருக்கு அது வெறும் நிற்கிற பேருந்து, இடிக்காமல் தாண்டினால் போதும். பத்து வருடமாக ஓட்டுகிறவர் அதே பேருந்தை நெருங்கும்போது, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் தெரிகிற இடைவெளியை ஒரு கணம் பார்ப்பார். அங்கே இரண்டு கால்கள் நகர்வது தெரிந்தால், யாரோ பேருந்துக்கு முன்னால் குறுக்கே வரப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும், கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழும்பியிருக்கும். யாரும் அவருக்கு இதைப் பாடமாக நடத்தவில்லை, ஓட்டி ஓட்டி வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அந்தக் கால்களை ஒரு விநாடி முன்னாலேயே பார்த்தவருக்கும், ஆள் வெளியே வந்த பிறகு பார்த்தவருக்கும் நடுவில் இருப்பது அந்த 17 மீட்டர்.

அப்புறம் வயது. பல நாடுகளில் புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களில் பலர் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்தில் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள், 5 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்கள் இறப்பதற்கு முதல் காரணமே சாலைதான். அனுபவமும் இல்லை, வயதும் துடிப்பான வயது என்றால் இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: உலக வரைபடம், நியூசிலாந்து ஒளிர்கிறது. 1987.]

இதற்கு முதலில் முழுமையான ஒரு பதிலோடு வந்த நாடு நியூசிலாந்து. 1987-ல் லைசென்ஸை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓட்டக்கூடாது. இரண்டாவது படியில் தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை தனியாக எடுக்கக்கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டும் போகக்கூடாது. அதைத் தாண்டினால்தான் மூன்றாவது படி, முழு லைசென்ஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1994-லும் அமெரிக்காவின் ஃபுளோரிடா 1996-லும் இதே வழிக்கு வந்தன, பிறகு ஒவ்வொரு மாநிலமாகத் தொற்றிக்கொண்டது.

இரவும் நண்பர்களும் மட்டும் ஏன் என்று கேட்கலாம். இரவில் வெளிச்சம் குறைவு, தூக்கம், களைப்பு, எதிரே வரும் ஹெட்லைட், எல்லாமே இன்னும் பழகாத கண்ணுக்கு எதிராக வேலை செய்யும். நண்பர்கள் விஷயம் இன்னும் தெளிவானது. பதின்ம வயது ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுக்காரர்கள் ஏற ஏற, உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதே வண்டியில் ஒரு நடுத்தர வயதுக்காரர் ஏறினால் ஆபத்து குறைகிறது. கலிஃபோர்னியாவில் பதினெட்டு வயதுக்குள் லைசென்ஸ் எடுப்பவர், முதல் 12 மாதங்களுக்கு 20 வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் பெரியவர் துணை இல்லாமல் ஏற்றக்கூடாது என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

சரி, பழகும் காலத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

1993-ல் ஸ்வீடன் ஒரு காரியம் செய்தது. லைசென்ஸ் வயது 18-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டிப் பழகும் வயதை மட்டும் 16-ஆகக் குறைத்தது. அதாவது வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரண்டு வருடம் நிதானமாகப் பழகலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் டெஸ்டுக்குப் போவதற்குள் சராசரியாகக் கிட்டத்தட்ட 120 மணி நேரம் ஓட்டியிருந்தார்கள், மற்றவர்கள் ஓட்டியது அதில் பாதிகூட இல்லை. லைசென்ஸ் வாங்கிய பிறகு நிறையப் பழகியவர்களுக்கு விபத்து கணிசமாகக் குறைந்திருந்தது. சீக்கிரமே பழக வந்தவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாகவும் இருந்திருக்கலாம், அதைக் கணக்கில் கழித்த பிறகும் லாபம் மிச்சமிருந்தது.

[திரையில்: லாக் புத்தகத்தின் ஒரு பக்கம். தேதி, நேரம், சாலை, வானிலை, கையெழுத்து.]

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்த 120 மணி நேரத்தை 2007-ல் சட்டமாகவே ஆக்கியது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 120 மணி நேரம் ஓட்டிய கணக்கைக் காட்ட வேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் தேதி, கிளம்பிய நேரம், எந்த மாதிரி சாலை, மழையா வெயிலா என்று எழுதி, பக்கத்தில் இருந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பாஸான பிறகும் சுதந்திரம் முழுசாக வந்துவிடாது. முதலில் சிவப்பு பி போர்டு (புதிதாகப் பாஸானவர் என்று காட்டும் பலகை), ஒரு வருடம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு பச்சை பி போர்டு, இரண்டு வருடம், 100 கிலோமீட்டர் உச்சம். இந்த மூன்று வருடமும் குடித்துவிட்டு ஓட்டுவதில் துளிகூடச் சலுகை கிடையாது, அளவு பூஜ்யம்தான்.

இந்தப் புத்தகத்தில் பொய்யாக எழுதினால் என்று கேட்பீர்கள். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். அதற்காகப் பயிற்சியையே கைவிட முடியாது. பிள்ளை ஓட்டாத 40 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அப்பா, அந்த 40 மணி நேரத்தை அந்தப் பிள்ளை தனியாக, இரவில், யாருமில்லாமல் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதிக்கொடுக்கிறார். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொரு பக்கம், பயிற்சி என்ற பெயரில் எதையும் செய்தால் பலன் வந்துவிடாது. நார்வே 1979-ல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. கேட்க எவ்வளவு நல்ல யோசனை! பிறகு கணக்குப் பார்த்தால், இளைஞர்களுக்கு வழுக்கும் சாலையில் விபத்து கூடியிருந்தது. வண்டி சறுக்கினாலும் சமாளிக்க எனக்குத் தெரியும் என்ற தைரியம் வந்துவிட்டது, அந்தத் தைரியத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனார்கள். அதன் பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகளில் அந்தப் பயிற்சியின் நோக்கமே மாறியது. உன்னால் சமாளிக்க முடியும் என்று சொல்லிக்கொடுப்பதை விட்டு, உன்னால் எவ்வளவு சமாளிக்க முடியாது என்று காட்ட ஆரம்பித்தார்கள்.

பிரிட்டனில் 2002-லிருந்து தியரி டெஸ்டோடு வீடியோ டெஸ்ட் ஒன்றும் உண்டு. 14 சின்ன வீடியோக்கள் ஓடும், ஆபத்து உருவாக ஆரம்பிக்கிற நொடியில் க்ளிக் செய்ய வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மதிப்பெண் அதிகம். நான் மேலே சொன்ன பேருந்துக்கு அடியில் தெரியும் கால்களைத்தான் அவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். அதோடு, லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் ஆறு குற்றப்புள்ளி (விதியை மீறும்போது லைசென்ஸில் ஏறும் புள்ளி) சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும், மறுபடி எல் போர்டிலிருந்து தொடங்கி இரண்டு டெஸ்டும் எழுத வேண்டும். 40 வயதில் லைசென்ஸ் எடுத்தவருக்கும் இதே விதிதான்.

இந்தக் கடைசி வரி முக்கியம். 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கடுமையான படிநிலை லைசென்ஸ் இருந்த மாநிலங்களில் 16 வயது ஓட்டுநர்களின் உயிர்ச்சேத விபத்து விகிதம் 26 சதவீதம் குறைவு. ஆனால் 18 வயதில் 12 சதவீதம் அதிகம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த விதிகள் 18 வயதோடு முடிந்துவிடுகின்றன. பலர் அதுவரை காத்திருந்து, ஒரு படியும் ஏறாமல் நேராக முழு லைசென்ஸை எடுத்துவிட்டிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு அது சரியாகவே படுகிறது. முதல் தடவை ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு வயது எதுவானாலும் கண் புதுசுதான். ஒன்டாரியோ எல்லா வயதினருக்கும் படிகளை வைத்திருப்பது இதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது. இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பதினேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சொந்தமாக வண்டி இல்லாத குடும்பம் 120 மணி நேரத்துக்கு எங்கே போகும்? பேருந்தே வராத ஊரில் லைசென்ஸ்தானே வேலை? முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, கலிஃபோர்னியாவில் வேலை, படிப்பு, மருத்துவம் என்று கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் இரவுத் தடையிலிருந்து விலக்கு உண்டு. இரண்டாவதுக்கு நியூ சவுத் வேல்ஸ் பாதிப் பதில்தான் வைத்திருக்கிறது: பயிற்சியாளரோடு ஓட்டும் ஒரு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் பத்து மணி நேரம்வரைதான், அதற்கும் காசு வேண்டும். விதியை மட்டும் போட்டுவிட்டு இந்தக் குடும்பங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவர்கள் லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவார்கள், அது எல்லோருக்கும் ஆபத்து. மணிக்கணக்கைக் கட்டாயமாக்குகிற அரசு பயிற்சிக்கான செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எடுத்த உடனே பெரிய பைக் கிடையாது. 16 வயதில் 125 சிசி வரை, 18 வயதில் 35 கிலோவாட் இன்ஜின் திறன் வரை, அதை இரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் எந்த பைக்கும். இதைவிட நேரடியான விதியை நான் பார்த்ததில்லை.

[திரையில்: வெறும் நோட்டுப் புத்தகம், கோடு போட்ட பக்கம்.]

உங்கள் ஊரில் இந்தச் சட்டமெல்லாம் இல்லை என்றாலும், வீட்டில் யாராவது இப்போது பழகிக்கொண்டிருந்தால் ஒரு நோட்டை வண்டியிலேயே போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், பகலா இரவா, மழையா, நெடுஞ்சாலையா, நெரிசலா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் எது அறவே இல்லை என்று தெரியும், பெரும்பாலும் அது இரவும் மழையுமாகத்தான் இருக்கும். டெஸ்டுக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் அதை முதலில் ஓட்ட வையுங்கள். பாஸான பிறகு முதல் ஆறு மாதம் இருட்டிய பிறகு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்பதை, லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். வந்த பிறகு பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.