இழுவை வண்டி அடுப்புக்கு எரிவாயு அமைக்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கு வரும் குடும்பங்களும், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்குச் செல்வோரும், வழியில் நிறுத்திச் சமைத்துக்கொள்வது டெல்டா மாவட்டங்களில் நெடுநாளைய வழக்கம். இப்போது காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வண்டியில் படுக்கையும் அடுப்பும் வைத்துப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வோரும் இருக்கிறார்கள். படுக்கையின் அகலத்தையும் அலமாரியின் நிறத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், சிலிண்டர் எங்கே நிற்கும் என்பதை எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய மூலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து, 9 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த சமையல் எரிவாயு சிலிண்டரே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மனிதர் படுத்துறங்கும் மூடிய இடத்துக்குள் சிலிண்டரை வைப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசிந்தால் மேலே எழுந்து சன்னல் வழியாகப் போய்விடாது. வடிகால் இல்லாத வயலில் தண்ணீர் நிற்பதைப் போலத் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். காற்றில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பொறி போதும். திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வாயுவாக மாறும்போது சுமார் 250 லிட்டராக விரிகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒரு சிறு கசிவு ஒரு சிறு அறையை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பது விளங்கும்.

எனவே சிலிண்டருக்கென்று தனிப் பெட்டி வேண்டும். அதன் கதவு வெளிப்புறமாக மட்டுமே திறக்க வேண்டும். படுக்கும் பகுதிக்கும் அதற்கும் இடையே ஒரு ஊசித் துளைகூட இருக்கலாகாது. பெட்டியின் தரையில், தேங்கும் வாயு நேராக வெளியே இறங்கிப் போகும்படி நிலையான திறப்பு இருக்க வேண்டும். பெட்டித் தரைப்பரப்பில் குறைந்தது 2 சதவீதமாகவும், எந்நிலையிலும் 100 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமலும் அது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநெறியின் கணக்கு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் திறப்பு என்று பட்டறைக்காரரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். பேட்டரியையோ மின் இணைப்பையோ அந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவில் வண்டியின் முன்சட்டத்தின் மேல், திறந்த வெளியிலேயே சிலிண்டரை நிறுத்திப் பட்டையால் இறுக்கிவிடுவது பெருவழக்கு. நம் ஊர் வண்டிகளுக்கும் அதுவே எளிய, நல்ல வழி.

திறப்பை அமைத்தால் மட்டும் போதாது. திருவாரூர்ப் பக்கம் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றிருந்த ஒரு வண்டியில், அந்தத் திறப்பின் கம்பிவலையைக் குளவி மண்கூடு கட்டி முழுவதுமாக அடைத்திருந்ததைப் பார்த்தேன். திருப்புளியால் குத்தி உடைத்தபோது, குஞ்சுக்கென்று சேர்த்து வைத்த சிலந்திகள் கட்டிமண்ணோடு உதிர்ந்தன. ரெகுலேட்டரில் உள்ள சிறு மூச்சுத்துளையையும் பர்னர் குழாயையும் குளவி இப்படியே அடைக்கும். அறுவடைக் காலத்துப் பதரும் தூசியும் வேறு. ஆகவே வண்டியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்த்தோ படுக்கவைத்தோ பயன்படுத்தினால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் ரெகுலேட்டருக்குள் புகும். எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிலிண்டர் இத்தகைய வண்டிக்குப் போதுமானது. பாத்திரக் கடைகளில் முத்திரையின்றி விற்கப்படுவதும், பெரிய சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக நிரப்பித் தரப்படுவதுமான குட்டி சிலிண்டரை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் பொறித்திருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அதற்கடுத்த காலாண்டுகள். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். சிலிண்டரை அடுத்துச் சோதனை செய்ய வேண்டிய காலம் இது. அந்தக் காலம் கடந்த சிலிண்டரை ஏற்காதீர்கள்.

வீட்டு அடுப்புக்கு உரிய, சுமார் 30 மில்லிபார் அழுத்தம் தரும் ரெகுலேட்டரையே பொருத்த வேண்டும். சமையல் மாஸ்டர்கள் கல்யாண வீட்டில் பயன்படுத்தும் ஹை பிரஷர் ரெகுலேட்டருக்கு இங்கே இடமில்லை. ரப்பர் டியூப் பெட்டிக்குள் மட்டும் இருக்கட்டும். அங்கிருந்து அடுப்புவரை செம்புக் குழாய் செல்ல வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், ஆற்றங்கரைச் சாலையின் குலுக்கலில் தகட்டின் விளிம்பே குழாயை அறுத்துவிடும். டியூபில் அச்சிட்ட ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அதை மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊர்களில் இரும்புக் கிளாம்ப் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் எவர்சில்வர் கிளாம்ப் போடுவது நல்லது. இணைப்புகளைச் சோப்பு நுரையால் மட்டுமே சோதியுங்கள். கசியும் இடத்தில் நுரை குமிழியாகப் பெருத்துக்கொண்டே வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

தீ அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். அடுப்பு எரிய உள்ளே காற்றும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கொசுவுக்குப் பயந்தும் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு, குளிருக்கென்று அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள்.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும். வாயு வாடை வந்தால் விசிறியையோ விளக்கையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் நெருப்பு எதுவாயினும் அணைத்து, வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறித் தள்ளி நின்றபின் 1906 என்ற எண்ணை அழையுங்கள். அது நாள் முழுவதும் இயங்கும் எரிவாயு அவசர உதவி எண். அதைச் சிலிண்டர் பெட்டிக் கதவின் வெளிப்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

நன்றி. வணக்கம்.