கூடத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தை அறையாக்கலாமா?

(திரையில்: இரண்டு மாடி உயரக் கூடம். மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே பார்க்கும் காட்சி.)

வணக்கம். கூடத்துக்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டுக் கட்டிய வீடுகள் சிங்கப்பூரில் நிறைய உண்டு. கான்ட்ராக்டர்கள் அதை 'வாய்டு' என்பார்கள். வீடு வாங்கும்போது கண்ணைக் கவர்வது அதுதான். சில ஆண்டுகள் போகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்க வேண்டியிருக்கும், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மகள் தனியறை கேட்பாள். அப்போது, அந்த இடத்தில் ஒரு தளம் போட்டால் ஓர் அறை கிடைக்குமே என்று தோன்றும். இங்கே பெரிய வீட்டுக்கு மாறுவது எவ்வளவு செலவு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நியாயமான ஆசைதான்.

செய்ய முடியுமா என்பது முதலில் வீட்டின் வகையைப் பொறுத்தது.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி வீடு என்றால் பெரும்பாலும் பேச்சுக்கே இடமில்லை. வழக்கமான வீவக வீட்டில் தரையிலிருந்து கூரைவரை சுமார் 2.6 மீட்டர்தான். அறை என்றால் 2.4 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கின்றன கட்டட விதிகள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைக்கு அங்கே உயரமே கிடையாது. உயரம் கூடிய வீடாக இருந்தாலும் கழகத்தின் அனுமதியில்லாமல் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது.

கொண்டோமினியத்தில் சிக்கல் வேறு. உயரம் இருக்கும், அனுமதி கிடைப்பது கடினம். புதிய தளம் போட்டால் கட்டடத்தின் மொத்தத் தளப் பரப்பு கூடும். ஒரு நிலத்தில் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையம், அதாவது யுஆர்ஏ, வரம்பு வைத்திருக்கிறது. கட்டிய நிறுவனம் பெரும்பாலும் அதை முழுவதும் பயன்படுத்தி முடித்திருக்கும். அதோடு, தளப் பரப்பைக் கூட்டும் வேலைக்கு, வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாகக் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் 90 விழுக்காட்டு ஆதரவுடன் தீர்மானம் வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் திட்டமிடல் சட்டப்படி 200,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். 'கதவுக்குள்ளே செய்வது யாருக்குத் தெரியப் போகிறது' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அரசாங்க அமைப்புகளிடம் விசாரிப்பார். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத அறை அங்கே பிரச்சினையாகும்.

சரி, தரைவீட்டுக்கு, அதாவது நிலத்தோடு கூடிய தனி வீடு, டெரஸ் வீடு போன்றவற்றுக்கு, வருவோம். இங்கேதான் இது உண்மையிலேயே நடக்கக்கூடிய காரியம். 2015 முதல் தரைவீடுகளுக்கு யுஆர்ஏ பார்ப்பது வீட்டின் வெளி உருவத்தை: எத்தனை மாடி, எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று. உள்ளே இருக்கும் வெற்றிடத்தை மூடினால் வெளி உருவம் மாறாது. ஆனாலும் புதிய தளம் கட்டமைப்பு வேலைதான். தகுதிபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையமான பிசிஏ கட்டமைப்பு வரைபடத்தை ஏற்று, பணி தொடங்க அனுமதி தர வேண்டும்.

இனி எடை. இந்த வீடியோவில் இதை மட்டுமாவது கவனமாகக் கேளுங்கள்.

(திரையில்: நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் தளத்தின் வரைபடம். எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர், 12 சதுர மீட்டர் அறை என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் தடிப்பில் கான்கிரீட் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. தளம் மட்டுமே நாலரை டன். சிமெண்டுப் பூச்சும் டைலும் சேர்ந்தால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல். ஆட்கள், கட்டில், அலமாரி இவற்றுக்காகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கணக்கிடுவார்கள். மொத்தம் ஏழு டன்னைத் தாண்டும், சுவர் எழுப்பும் முன்பே. ஐந்து கார்களைக் கூடத்துக்கு மேலே நிறுத்துவது போல.

அந்த எடையை யார் தாங்குவது? வெற்றிடத்தைச் சுற்றி ஓடும் பீம்கள். அவற்றைக் கட்டியபோது ஒரு பக்கத் தளத்தையும் கைப்பிடியையும் மட்டும் கணக்கில் வைத்துக் கம்பி கட்டியிருக்கலாம். சில வீடுகளில் அந்த ஓரத்தில் பீமே இருக்காது, தளம் நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய டெரஸ் வீடு என்றால் ஒரு முனை பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் போய் உட்காரும். அது வெறும் செங்கல் சுவரா, தூணும் பீமும் உள்ள சுவரா என்று தெரியாமல் தொடக் கூடாது. போர் போன்ற அவசர காலத்தில் ஒதுங்க வீட்டுக்குள்ளே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறையின் சுவரில் துளை போட்டுப் பீமை மாட்டலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டம் அந்தச் சுவர்களைக் காக்கிறது.

பீமிலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம். காலாங், காத்தோங் பக்கம் மண்ணுக்கடியில் மென்மையான கடற்களிமண் உண்டு. புதிய எடை ஒரு மூலையில் மட்டும் கூடினால் அந்த மூலை மட்டும் கொஞ்சம் இறங்கலாம். சுவரில் சாய்வாக விரிசல் வருவதற்கு அது ஒரு காரணம்.

அதனால் பல பொறியாளர்கள் இரும்புச் சட்டமும் ஃபைபர் சிமெண்டுப் பலகையும் பரிந்துரைப்பார்கள். எடை கான்கிரீட்டில் ஒரு சிறு பங்குதான். குறையும் உண்டு: மேலே நடந்தால் கீழே கேட்கும், சரியாகக் கணக்கிடாவிட்டால் தளம் அதிரும். இரும்பு கடும் வெப்பத்தில் வலுவிழக்கும் என்பதால் தீத்தடுப்பும் பார்க்க வேண்டும். அறைச் சுவருக்குச் செங்கல் வேண்டாம். செங்கல் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கே அரை டன்னுக்குக் குறையாது. ஜிப்சம் பலகை போதும்.

பழைய பீமில் துளையிட்டு ரசாயனப் பசை ஊற்றிப் புதுக் கம்பி நடுவார்கள். துளையிடும் முன் ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் கம்பி எங்கே என்று பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். பழைய கம்பி அறுபட்டால் பீமின் வலுவே குறையும்.

அப்புறம் காற்றும் வெளிச்சமும். நம் ஊர் வெக்கையில் சூடான காற்று மேலே போக அந்த உயரம் உதவுகிறது. மேல் சன்னல் வெளிச்சம் கூடத்தின் நடுவரை வருகிறது. மூடினால் ஏர்கான் சீக்கிரம் குளிரவைக்கும், மேல்மாடியில் குழந்தை தூங்கும்போது கீழே தொலைக்காட்சி பார்க்கலாம். ஆனால் கூடம் பகலிலேயே இருட்டாகலாம். புதிய அறைக்குச் சொந்தமாக வெளிச் சன்னல் இல்லையென்றால் அதைப் படுக்கையறையாக நினைக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், சன்னலை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்தைத் திறந்தே விட்டு மீதியை மூடுவது நல்லது. அறை சற்றுச் சிறிதாகும், எடை குறையும், கூடத்தில் வெளிச்சம் தங்கும்.

முதல் வேலையாக, உங்கள் வீட்டின் அனுமதி பெற்ற பழைய கட்டமைப்பு வரைபடத்துக்கு பிசிஏயிடம் விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்டி வாங்கலாம். அதை ஒரு பொறியாளரிடம் காட்டி, அந்த பீம்கள் தாங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கான்ட்ராக்டரிடம் விலை கேட்பது அதற்குப் பிறகு.