பாத்ரூமில் சாக்கடை நாற்றமா? ஆசிட் வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

[காட்சி: பூட்டிக் கிடந்த குளியலறை. தாழ்ப்பாளைத் திறக்கும் கை.]

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வீடு திரும்புகிறீர்கள். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பினாயில் ஊற்றுகிறீர்கள். அன்று முழுக்க பினாயிலும் சாக்கடையும் சேர்ந்து நாறுகின்றன. மறுநாள் பினாயில் வாசனை போய்விடுகிறது, சாக்கடை மட்டும் மிச்சம்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. சென்னையில் இரண்டாவது மாடி. பிளம்பர் ஒருவர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "உள்ளே பைப் லீக் சார், தரையை உடைக்கணும்" என்றார். போன வருடம்தான் டைல்ஸ் போட்டிருந்தோம். மனசு வரவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஊரிலிருந்து சித்தப்பா வந்தார், அந்தக் குளியலறையில் நன்றாக இரண்டு வாளி ஊற்றிக் குளித்தார். நாற்றம் போய்விட்டது. அவருடைய சோப்பின் மகிமை என்றுதான் முதலில் நினைத்தோம்.

சோப்பு இல்லை. அவர் ஊற்றிய தண்ணீர்.

[காட்சி: தரை ஜாலியைக் கழற்றுகிறோம். கீழே தேங்கி நிற்கும் தண்ணீர், அண்மைக் காட்சியில்.]

குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஜாலிக்குக் கீழே இருப்பதை நம் ஊர் பிளம்பர்கள் நகானி ட்ராப் என்பார்கள். இதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அது நிற்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சாக்கடை, இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் கதவு மாதிரி இந்தத் தண்ணீர். இதற்கு வாட்டர் சீல் என்று பெயர். வழக்கமாக 50 மில்லிமீட்டர் ஆழம், அதாவது இரண்டு அங்குலம். வாஷ் பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயிலும், டாய்லெட்டின் கழுத்திலும் இதே ஏற்பாடுதான். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1775-ல் வளைந்த குழாயோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் உலகம் முழுக்க நாற்றத்தைத் தடுப்பது அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் இல்லையென்றால் சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள் வரும். அழுகிய முட்டை வாசனை அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடுக்கு. மிகச் சிறிய அளவு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே மூக்கு சீக்கிரம் களைத்தும் போகும். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றால் "இப்போது பரவாயில்லையே" என்று தோன்றும். அதனால் சோதனை செய்கிறவர் வெளியில் போய்விட்டு வந்து முகர்ந்து பார்க்க வேண்டும்.

[காட்சி: ஒவ்வொரு ஓட்டையின் மீதும் பிளாஸ்டிக் கவர், சுற்றிலும் டேப்.]

சரி, முதல் வேலை. குளியலறையிலுள்ள எல்லா ஓட்டைகளிலும் தண்ணீர் ஊற்றுங்கள், மூலையில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் ஜாலியிலும்கூட. ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். நாற்றம் குறைந்திருந்தால் விஷயம் முடிந்தது, ட்ராப் காய்ந்திருக்கிறது. குறையவில்லையென்றால் எந்த ஓட்டை என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரால் மூடி, சுற்றி டேப் ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொரு கவரின் ஓரத்தையும் லேசாகத் தூக்கி முகர்ந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். தரையை உடைக்கச் சொல்கிறவரிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

காய்ந்துபோன ட்ராப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவி 300-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. விசாரித்த சுகாதார அதிகாரிகள் சுட்டிக்காட்டிய காரணங்களில் குளியலறைத் தரையில் காய்ந்து கிடந்த ட்ராப்புகளும் உண்டு. கதவை மூடிக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அந்த ஓட்டை வழியாகக் கழிவுக் குழாயின் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. நம் வீட்டிலும் ஃபேன் போட்ட பிறகு நாற்றம் கூடுகிறது என்றால் அதே கதைதான். ஃபேன் நாற்றத்தை வெளியேற்றும் என்று நம்பி நாமே உள்ளே இழுத்துக்கொண்டிருப்போம்.

ஊருக்குக் கிளம்பும்போது ட்ராப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடலாம். எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதந்து, அது ஆவியாவதை மெதுவாக்கும். தேங்காய் எண்ணெய் சென்னை வெயிலில் சரி. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு என்றால் அது உறைந்து கட்டியாகிவிடும், வேறு எண்ணெய் பாருங்கள்.

[காட்சி: ட்ராப்புக்குள் இருந்து வெளியே எடுத்த பிளாஸ்டிக் கப்.]

இப்போது நான் அதிகம் பார்த்த தவறுக்கு வருகிறேன். தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லை, கரப்பான் பூச்சியும் வருகிறது என்றால் ஜாலியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சில வகை ட்ராப்புகளில் ஒரு கப் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். நடுவில் நிற்கும் குழாயை அது மூடிக்கொண்டிருக்கும், அதன் விளிம்பு தண்ணீரில் மூழ்கியிருக்கும். அந்த விளிம்பு மூழ்கியிருப்பதுதான் சீல். இந்தக் கப்பைச் சுற்றித் தலைமுடி சிக்கும், தண்ணீர் மெதுவாகப் போகும். யாரோ ஒரு நாள் பொறுமை இழந்து கப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். தண்ணீர் சர்ரென்று போகும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் குளியலறைக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. கழற்றியவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அந்தக் கப் எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பல வீடுகளில் அது சிங்க்குக்குக் கீழே பழைய பிரஷ்களோடு கிடக்கும், முதலில் அங்கே தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அளவெடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள்.

கடைக்காரர் கரப்பான் வராத ஜாலி என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார். கரப்பானை நிறுத்தும். வாயுவை நிறுத்தாது.

வாஷ் பேசின் பக்கம் வருவோம். நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் நேராக இறங்கி சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகிறதா? அதில் தண்ணீர் நிற்க இடமே இல்லை. பாட்டில் ட்ராப் ஒன்று, அதாவது அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் குப்பி போன்ற ட்ராப், மாட்டுவது நல்லது. அவசரத்துக்கு அதே பைப்பை ஆங்கில யு எழுத்து போல வளைத்துக் கட்டிவிட்டாலும் வளைவில் தண்ணீர் நிற்கும். அந்தப் பைப் உள்ளே நுழையும் இடத்தில் விரல் அகலம் சந்து இருக்கும், அதையும் சிலிகானால் அடையுங்கள். வாஷிங் மெஷின் குழாயை ஜாலி ஓட்டையில் செருகி வைக்கும் இடத்திலும் இதே சந்து உண்டு. வெஸ்டர்ன் டாய்லெட்டின் அடியில் பூசிய வெள்ளை சிமென்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: நாற்றம் படுக்கையறையில் வருகிறது என்றால் ஏசியின் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோய் கழிவுக் குழாயில் நேராகச் சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாத்ரூமைக் கழுவிக் கழுவி அலுத்துப்போன பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

[ஒலி: மாடியில் ஃப்ளஷ். நம் ஜாலியில் குளுக் குளுக் சத்தம்.]

இந்தச் சத்தம் உங்கள் வீட்டில் கேட்கிறதா? மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு இறங்குகிறது, தனக்குப் பின்னால் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று மொட்டை மாடியிலுள்ள வென்ட் பைப் வழியாக வர வேண்டும். அது அடைபட்டிருந்தால் உங்கள் ட்ராப்பில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போவது இப்படித்தான். மாடிக்குப் போய்ப் பாருங்கள். காக்கை கூட்டுக்குச்சி விழுந்திருக்கலாம், மாடியில் புதிதாக அறை கட்டியவர்கள் குழாயை வெட்டி மூடியிருக்கலாம். கொசுவுக்காக வலை கட்டச் சொல்வார்கள், அது சரியான வேலைதான். வலைக்குப் பதில் பிளாஸ்டிக் பையைக் கட்டுவதுதான் தவறு. இது அபார்ட்மென்ட் சங்கம் செய்ய வேண்டிய வேலை, உங்கள் வீட்டுத் தரையை உடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

[காட்சி: கையுறை, கம்பி, பழைய டூத் பிரஷ்.]

சில நேரம் சாக்கடை நாற்றமே இருக்காது. ஊறிப்போன துணி மாதிரி ஒரு புளித்த வாடை, ஜாலிக்குப் பக்கத்தில் குனிந்தால் மட்டும் வரும். அது முடியும் சோப்பும் அழுக்கும் சேர்ந்து உண்டான வழுவழுப்பு. கையுறை போட்டுக்கொண்டு முடியை இழுத்து எடுங்கள். உள்சுவரைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுத் தேயுங்கள், சூடான தண்ணீரால் அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாய் இளகும். பேசினில் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதற்குள்ளும் பிரஷ் போக வேண்டும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரை கரியமில வாயு. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வகை உப்பு கரைந்த தண்ணீர். தேய்ப்பதற்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

ஆசிட் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதை ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். "முதலில் இது, அரை மணி கழித்து அது" என்றும் செய்யாதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் நாற்றம் வீடு முழுக்க இருந்தால், வெளியே சேம்பரோ செப்டிக் டேங்கோ நிரம்பியிருக்கலாம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். டேங்க் மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள், உள்ளே மீத்தேன் இருக்கும். ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். இறங்குகிறவருக்கு அங்கே நாற்றம்கூடத் தெரியாது. "நான் இறங்கிப் பார்க்கிறேன் சார்" என்று லாரியோடு வந்தவரே சொன்னாலும் விடாதீர்கள், குழாயை மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.

[காட்சி: லாரியின் குழாய் டேங்குக்குள் இறங்குகிறது. ஆட்கள் மேலே, தள்ளி நிற்கிறார்கள்.]