குளிர்ப் பகுதியில் புரூக்மான்சியா: வளர்ப்பும் பூச்சித் தொல்லையும்

[திரையில்: ஆள் உயரச் செடி. கிளைகளிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மஞ்சள் பூக்கள். மாலை வெளிச்சம்.]

வணக்கம். இது புரூக்மான்சியா. ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட் என்றால் சிலருக்கு உடனே பிடிபடும். ஓர் அடி நீளத்துக்குப் பூ தொங்கும், இருட்டத் தொடங்கியதும் வாசனை தூக்கும். உறைபனி விழும் பகுதிகளில் இதைத் தொட்டியில்தான் வளர்க்க முடியும். குளிர்காலம் வந்தால் உள்ளே தூக்கி வைக்க வேண்டும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். வெளியே தளதளவென்று நின்ற செடி, கதகதப்பான அறைக்குள் வந்து சில வாரங்களில் இலை வெளுத்து, நூலாம்படை படிந்து, மொட்டையாகிவிடும். குளிர் தாங்கவில்லை என்று நினைப்போம். பெரும்பாலும் காரணம் சிலந்திப் பூச்சி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் ஸ்பைடர் மைட் என்ற நுண்ணிய பூச்சி. வீட்டில் வலை கட்டும் சிலந்தி இல்லை, இந்த வீடியோவில் சிலந்தி என்று சொல்வதெல்லாம் இந்த வகையைத்தான். அதற்கு வசதி செய்து கொடுத்தது அந்த அறையின் சூடு.

அதனால் இந்த வீடியோவில் வளர்ப்பையும் பூச்சியையும் தனித்தனியாகப் பேசப்போவதில்லை. குளிர்காலத்தில் செடியை எப்படி வைக்கிறோம் என்பதிலேயே பூச்சி விவகாரம் பாதி முடிந்துவிடுகிறது.

[திரையில்: ஊமத்தைப் பூவும் புரூக்மான்சியா பூவும் அருகருகே.]

முதலில் செடி யாரென்று பார்ப்போம். ஊமத்தையின் நெருங்கிய உறவு இது. ஊமத்தைப் பூ மேல்நோக்கி நிற்கும், காயில் முள் இருக்கும், செடி குட்டையாக இருக்கும். புரூக்மான்சியா கட்டைபிடித்து மரமாகும், பூ தொங்கும், காயில் முள் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், கத்தரி எல்லாம் இதே குடும்பம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பூச்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. மொத்தம் ஏழு இனங்கள். ஏழுமே இயற்கையில் அழிந்துவிட்டதாக ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியல் சொல்கிறது. மனிதர்கள் நட்டு வளர்ப்பதால்தான் இன்னும் இருக்கின்றன. தோட்டச் செடிகளில் இப்படிப்பட்ட கதை அபூர்வம்.

குளிர்ப் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது எந்த இனம் என்பதை. சாங்குவினியா, ஆர்போரியா, வல்கனிகோலா மூன்றும் ஆண்டிஸ் மலையின் உயரமான சரிவுகளைச் சேர்ந்தவை. பகலில் மிதமான வெயில், இரவில் நல்ல குளிர்ச்சி, இதுதான் அவற்றுக்கு இஷ்டம். கோடை சுட்டெரிக்கும் இடத்தில் சாங்குவினியா பூக்கவே அடம்பிடிக்கும். உங்கள் கோடை இரவுகள் குளுகுளுவென்று இருந்தால் அது உங்களுக்கு வரம். ஒரு விஷயம் மட்டும், சாங்குவினியாவுக்கு வாசனை கிடையாது. தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவைதான் அதில் மகரந்தச் சேர்க்கை செய்கிறது, இரவு அந்துப்பூச்சியை மணத்தால் அழைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. வாசனைதான் வேண்டும் என்றால் சுவாவியோலென்ஸ், அல்லது ஆரியாவும் வெர்சிகலரும் சேர்ந்த கான்டிடா என்ற கலப்பு. இவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பு வேண்டும், ஆனால் தொட்டியில் நன்றாகவே பூக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடி முழுவதும் விஷம். இலை, பூ, விதை, வேர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கோபோலமைன், ஹையோசயமின், அட்ரோபின் ஆகிய வேதிப்பொருள்கள் உள்ளே இருக்கின்றன. கவாத்து செய்த கையோடு கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து, பார்வை மங்கி, சில நாள் அப்படியே நிற்கும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். வெட்டிய கழிவை எரிக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாயோ இருக்கும் வீடு என்றால் இந்தச் செடி தேவையா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

[திரையில்: பெரிய தொட்டி, அடியில் துளைகள். தண்ணீர் ஊற்றும் காட்சி.]

சரி, வளர்ப்பு. பெரிய தொட்டி, நீர் தேங்காத மண், காலை வெயில், பிற்பகல் நிழல். வளரும் பருவத்தில் தண்ணீரும் உரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். வெப்பமான நாளில் இலை துவண்டு தொங்கினால் பதற வேண்டாம், தண்ணீர் ஊற்றியதும் நிமிர்ந்துவிடும். வசந்தத்தில் தழைச்சத்து, கோடையில் சாம்பல்சத்து கூடுதலாக உள்ள உரம். கோடை முடியும்போது உரத்தை நிறுத்திவிடுங்கள். இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை.

சூட்சுமம் இருப்பது கிளை பிரியும் இடத்தில்.

[திரையில்: ஒற்றைத் தண்டு இரண்டாகப் பிரியும் கவைக்கு நெருக்கமான காட்சி.]

இளம் செடி ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று வளரும். ஒரு கட்டத்தில் தண்டு இரண்டாகப் பிரிந்து கவை விழும். அந்தக் கவைக்கு மேலேதான் பூ. கீழே எத்தனை கிளை வந்தாலும் பூக்காது, அவையும் தனியாகக் கவை விட்ட பிறகுதான் பூக்கும். இலையைப் பார்த்தே எது எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். கவைக்கு மேலே உள்ள இலையின் அடிப்பகுதி கோணலாக, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். கீழே உள்ளது இரு பக்கமும் சமமாக இருக்கும்.

கோடை குறுகிய இடங்களில் இது ரொம்ப முக்கியம். கவைக்குக் கீழே வெட்டிவிட்டால், செடி மறுபடியும் வளர்ந்து கவை விடுவதற்குள் கோடை போய்விடும். அந்த வருடம் பூ பார்க்க முடியாது. ஆகவே கவாத்து எப்போதும் கவைக்கு மேலே, ஒவ்வொரு கிளையிலும் சில கணுக்களாவது மிஞ்சும்படி. குச்சி வைத்துப் புதுச் செடி உண்டாக்கும்போதும் அதே கணக்குதான். கவைக்கு மேலிருந்து எடுத்த குச்சி குட்டையாக இருக்கும்போதே பூக்கும், தொட்டிக்கு அதுதான் தோது. கீழிருந்து எடுத்த குச்சி முதலில் உயரமாக வளர்ந்துவிட்டுத்தான் பூவைப் பற்றி யோசிக்கும். பென்சில் தடிமனுக்குக் குறையாத குச்சியைத் தண்ணீரில் வைத்தாலே வெதுவெதுப்பான இடத்தில் சில வாரங்களில் வேர் விட்டுவிடும்.

[திரையில்: இலையுதிர் காலம். செடியிலிருந்து ஒருவர் இலைகளை உருவுகிறார்.]

இப்போது முக்கியமான கட்டம். முதல் உறைபனிக்கு முன்னால் செடி உள்ளே வந்துவிட வேண்டும். உறைபனி பட்டால் மேல் பகுதி கருகிவிடும். வேர் உறையாமல் இருந்தால் வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கலாம், ஆனால் கவை போயிருக்கும்.

உள்ளே எங்கே வைப்பது? கூடத்து ஜன்னலோரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்கால வெளிச்சம் போதாது, ஹீட்டர் காற்று வறண்டது. செடி சோனியாகும், சிலந்திக்கு விருந்து. நான் சிபாரிசு செய்வது உறையாத, குளிர்ச்சியான இடம். 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும் கார் ஷெட், நிலவறை, சூடேற்றாத வராந்தா இப்படி ஏதாவது. அந்தக் குளிர்ச்சியில் செடி தூங்கிவிடும். இலை இல்லாமல் தூங்கும் செடிக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை. மண் முற்றிலும் காய்ந்துவிடாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் போதும். இந்தப் பருவத்தில் வேர் அழுகிச் செத்த செடிகளே அதிகம், அதனால் ஊற்றுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் ஊற்றாதீர்கள்.

உள்ளே கொண்டுவரும் முன் எல்லா இலைகளையும் உருவிவிடுங்கள். ஆமாம், எல்லாவற்றையும். மனசு வராதுதான். ஆனால் இந்தச் செடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வசந்தத்தில் புதிதாக விட்டுக்கொள்ளும். வெள்ளை ஈயின் குஞ்சுகள் இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருப்பவை, இலையோடு போய்விடும். சிலந்தியும் அதன் முட்டையும் பெரும்பாலும் இலையின் அடியில்தான். எந்த மருந்தும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. உருவிய இலைகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், தொட்டியின் மேலேயே விட்டுவிடாதீர்கள். அப்புறம் தண்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சோப்புக் கரைசல் தெளித்து உள்ளே வையுங்கள்.

[திரையில்: இலையின் அடிப்பக்கம். பூதக்கண்ணாடியில் தெரியும் சிலந்திகள்.]

உள்ளே வெளிச்சமான, கதகதப்பான இடம்தான் இருக்கிறது, இலையோடுதான் வைக்கப்போகிறேன் என்பவர்கள் வாரம் ஒரு முறையாவது இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரட்டைப் புள்ளிச் சிலந்தி அரை மில்லிமீட்டர்தான். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிர் புள்ளிகள் தெரிந்தால் அது வந்துவிட்டது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் தூசி இல்லை. நூலாம்படை கண்ணில் படும் நேரத்தில் கூட்டம் பெருகிவிட்டிருக்கும்.

இதன் பலமே வேகம்தான். 30 டிகிரி வெப்பத்தில் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்த சிலந்தியாகிவிடும். 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 12 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. செடியும் தூங்கும், சிலந்தியும் தூங்கும், ஆனால் செடிக்குத் தூக்கம் லாபம்.

மருந்து என்றால் முதலில் தண்ணீர். குளியலறையில் வைத்து இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். அடுத்து பூச்சிகளுக்கென்று விற்கும் சோப்பு, அல்லது வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குச் சில சொட்டு சோப்பு. இலை மென்மையானது, முதலில் ஓர் இலையில் தெளித்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். வெயில் நேரத்தில் தெளிக்காதீர்கள். சோப்பு பட்ட பூச்சி மட்டும்தான் சாகும், காய்ந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை, முட்டையை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால் ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை தெளித்தால்தான் பலன். ஒரு முறை தெளித்துவிட்டு சோப்பு சரியில்லை என்பவர்கள்தான் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளை அது கொன்றுவிடும், சிலந்தி தப்பித்துக்கொண்டு முன்னைவிடப் பெருகும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்ற வேட்டைச் சிலந்தியை வாங்கி விடலாம். அதற்கு 20 டிகிரி அளவு வெப்பமும் காற்றில் நல்ல ஈரப்பதமும் வேண்டும். வறண்ட கூடத்தில் அதை விடுவது பணத்துக்குக் கேடு.

[திரையில்: சுருண்டு, முறுகி, தடித்துப் போன துளிர்.]

இந்தப் படத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் இலைகள் நன்றாக இருக்கின்றன, நுனித் துளிர் மட்டும் சுருங்கி, தடித்து, பழுப்பேறி இருக்கிறது. மொட்டு கோணலாகி உதிர்கிறது. உரக் குறைபாடு என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள். இது மஞ்சள் சிலந்தி. மிளகாய்ச் செடியில் இலையைச் சுருட்டுமே, அதேதான். 0.2 மில்லிமீட்டர் அளவு, சாதாரண லென்ஸில்கூடச் சிரமப்பட்டுத்தான் தெரியும். இளம் துளிரைத்தான் இது தேடும், வலையும் பின்னாது. சுருண்ட நுனிகளை வெட்டி எறியுங்கள். பிறகு நனையும் கந்தகத் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்துத் தெளிக்கலாம். ஆனால் கந்தகமும் எண்ணெயும் ஒன்றாகச் சேரக் கூடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இலை பொசுங்கிவிடும்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுவார்கள். அது பறப்பதை மட்டும் பிடிக்கும், குஞ்சு இலையிலேயே இருக்கும். எத்தனை இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அட்டை நல்லது, ஒழிப்பதற்குச் சோப்பும் இலை உருவுவதும்தான்.

அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டிவிடலாம். அதைச் சாதாரணமாக விடக் கூடாது என்று சொல்வது வேறொரு காரணத்துக்காக. கொலம்பிய டட்டூரா வைரஸ் என்ற நோயைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினி. புகையிலைத் தேமல் வைரஸோ கத்தரிக்கோலிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு பரவும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல், பூவின் நிறத்தில் கீற்றுகள் இவையெல்லாம் அறிகுறி. வைரஸுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியிலிருந்து குச்சி எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும் முன், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கத்தரிக்கோலைத் துடையுங்கள். தக்காளி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம் என்று சொன்னேன் அல்லவா, பூச்சியும் நோயும் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே தாராளமாக வந்து போகும். தள்ளி வைப்பது நல்லது.

வெளியே இருக்கும்போது நத்தைகள் இரவில் வந்து இலையை ஓட்டை போடும். டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள்.

பூச்சியே இல்லாமல் பூச்சி மாதிரி தெரிவதும் உண்டு. குளிர்ச்சி, வெளிச்சக் குறைவு, ஈர மண் மூன்றும் சேர்ந்தால் இலையின் அடியில் சின்னச் சின்னத் தக்கை போன்ற புடைப்புகள் வரும். வேர் எடுத்த நீரை இலையால் வெளியேற்ற முடியாததால் செல்கள் வெடிப்பது இது. மருந்து வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள்.

[திரையில்: மொட்டைத் தண்டில் பச்சைத் துளிர்.]

குளிர்காலம் முடியும் சமயத்தில் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியை வெட்டி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதல் துளிர்களைத் தினமும் பாருங்கள். தப்பிப் பிழைத்த சிலந்தியோ அசுவினியோ முதலில் அங்கேதான் வரும், அப்போது விரலால் நசுக்கினாலே போதும். உறைபனி அபாயம் முழுக்கப் போன பிறகு வெளியே வையுங்கள். முதல் வாரம் நிழலில், பிறகு காலை வெயிலில். உள்ளே துளிர்த்த இலைக்கு வெயில் பழக்கமில்லை, நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளுத்துப்போகும்.