மூளை அறுவை சிகிச்சையில் மயக்க மருந்துக்கு இன்னொரு வேலை

வணக்கம் நேயர்களே. மயக்க மருந்து என்றதும் தூக்கமும் வலி தெரியாமையும்தான் நினைவுக்கு வரும். மூளையில் அறுவை சிகிச்சை நடக்கும்போது அதே மருந்து செல்களுக்குள் நடக்கும் வேதிவினைகளிலும் தலையிடுகிறது. மயக்கவியல் மருத்துவர்களான நாங்கள் அடிக்கடி விவாதிக்கும் விஷயம் இது.

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும்போது அதில் ஒரு சிறு பகுதி ஃப்ரீ ராடிக்கல்களாக மாறிவிடும். கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள் இவை. இவற்றை அடக்க செல்லிடம் குளூட்டாதயோன் போன்ற பொருள்கள் உண்டு. அடக்கும் திறனைத் தாக்குதல் மிஞ்சிவிட்டால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். எளிதில் பாதிப்படையும் கொழுப்பு மூளையில் ஏராளம். காக்கும் நொதிகளில் ஒன்றான கேட்டலேஸோ அங்கே குறைவு.

சரி, அறுவை சிகிச்சையில் என்ன நடக்கிறது? புடைத்த ரத்தக்குழாயான அனூரிசத்தைச் சரிசெய்யும்போது, சில நிமிடங்களுக்குத் தற்காலிகக் கிளிப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவதுண்டு. கட்டியை எட்டுவதற்காக மூளைத் திசுவை ரிட்ராக்டரால் ஒதுக்கிப் பிடித்தாலும் அந்த இடத்தில் ரத்தம் குறையும். ரத்தம் நின்றதால் வரும் சேதம் ஒரு பக்கம் இருக்க, கிளிப்பை எடுத்து ஆக்சிஜன் மறுபடி பாயும் நேரத்தில்தான் ஃப்ரீ ராடிக்கல்கள் திடீரென்று பெருகுகின்றன. சிந்திய ரத்தத்திலிருந்து வெளிவரும் இரும்பு இதை இன்னும் மோசமாக்கும்.

இங்கேதான் புரோபஃபால் வருகிறது. ரத்தநாளம் வழியாகச் செலுத்தும், பால்போல வெள்ளையான மருந்து. வேதியியல்படி அது ஒரு ஃபீனால்; வைட்டமின் ஈ-யிலும் இதே ஃபீனால் பகுதி இருக்கிறது. தன்னிடமுள்ள ஹைட்ரஜனை ஃப்ரீ ராடிக்கலுக்குக் கொடுத்து அதை அடக்கிவிடும். அதோடு மூளையின் ஆக்சிஜன் தேவையையும் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கும்.

மூச்சு வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் போகும் வழி விசித்திரமானது. விலங்கு ஆய்வுகளில், அது முதலில் ஃப்ரீ ராடிக்கல்களைக் கொஞ்சமாக உண்டாக்கி, அதன்மூலம் செல்லின் தற்காப்பைத் தட்டி எழுப்புகிறது. பின்னால் வரும் பெரிய தாக்குதலை செல் ஓரளவு தாங்குகிறது. ஆனால் அளவு கூடினால் மூளையின் ரத்தக்குழாய்களை விரித்து மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் கவனமாகவே கொடுக்கிறோம். இன்னொன்று, மூளை வீக்கத்தைக் குறைக்க நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மானிட்டாலும் ஃப்ரீ ராடிக்கலை அடக்கக்கூடியதுதான். யாரும் அதை அதற்காகக் கொடுப்பதில்லை!

அப்படியானால் எல்லோருக்கும் புரோபஃபால்தானே சிறந்தது என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மண்டையோட்டைத் திறந்து செய்த அறுவை சிகிச்சைகளில் புரோபஃபாலையும் செவோஃப்ளூரேனையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. பல ஆய்வுகள் அளப்பது, ஃப்ரீ ராடிக்கல் தாக்கிக் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் மேலோன்டையால்டிஹைடு போன்ற பொருள்கள் ரத்தத்தில் எவ்வளவு என்பதை. கையில் எடுத்த ரத்தம் மூளைக்குள் நடப்பதை எவ்வளவு காட்டும்? மூளையிலிருந்து இறங்கும் கழுத்துச் சிரையில் எடுத்தால் கொஞ்சம் நெருங்கலாம். அப்போதும், அந்த எண் குறைந்தது என்பதும் நோயாளி நன்றாகப் பேசுகிறார், கையை அசைக்கிறார் என்பதும் ஒன்றல்ல. பக்கவாதத்துக்கென்றே தயாரித்த என்எக்ஸ்ஒய்-059 என்ற ஃப்ரீ ராடிக்கல் எதிர்ப்பு மருந்து, முதல் பெரிய சோதனையில் நம்பிக்கை தந்துவிட்டு, 2007-இல் முடிவு வெளியான இரண்டாவது சோதனையில் பலனளிக்காமல் போனது.

அதனால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வேறு: மண்டைக்குள் அழுத்தம் எப்படி இருக்கிறது, நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணிக்க வேண்டுமா, நோயாளி சீக்கிரம் கண் விழிக்க வேண்டுமா என்பவை. ஃப்ரீ ராடிக்கலைக் கட்டுப்படுத்த, ரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பதும், சர்க்கரையை ஏறவிடாமல் வைப்பதும், தேவைக்கு மேல் ஆக்சிஜன் ஊட்டாமல் இருப்பதும் மருந்தின் பெயரைவிட முக்கியம் என்பது என் கருத்து.

அப்புறம், "முன்கூட்டியே வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடட்டுமா டாக்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்களாகச் சாப்பிடாதீர்கள். அளவு அதிகமானால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். மூளை அறுவை சிகிச்சையில் அது பெரிய ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால், சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.