மேட்டுக்குள் இருந்த புல்

காலி வீதி நெரிசலையும் மழையையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் வணக்கம்.

நம் நாட்டில் பழைய மண்மேடு ஒன்றைக் கண்டால் முதலில் வாயில் வருகிற சொல் 'புதையல்'. அனுமதியில்லாமல் இப்படித் தோண்டுவதைத் தடுக்கும் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1940 இலேயே வந்துவிட்டது. இருந்தும் பெக்கோ இயந்திரத்தோடு தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வாசிக்கிறோம். எனக்கு அது வயிற்றெரிச்சல். இதே ஆசை ஒரு மேட்டை என்ன பாடு படுத்தியது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில், கென்னற் ஆற்றுப் பள்ளத்தாக்கில், புல் போர்த்த மேடு ஒன்று இருக்கிறது. பெயர் சில்பரி. உயரம் ஏறத்தாழ 30 மீற்றர், அடி அகலம் 160 மீற்றர். கி.மு. 2400 அளவில் மனிதர் கையால் குவித்தது. சுண்ணக்கல்லும் மண்ணுமாக 5 இலட்சம் தொன் வரும் என்கிறார்கள். உள்ளே சில் என்ற அரசன் பொற்கவசத்தோடு குதிரையில் இருக்கிறான் என்பது ஊர்க்கதை.

சரி, தோண்டினார்கள். 1776 இல் உச்சியிலிருந்து கிணறுபோல நேரே கீழே இறங்கினார்கள். 1849 இல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டினார்கள். 1968 இல் அட்கின்சன் என்ற பேராசிரியர் பி.பி.சி. கமெராக்களோடு மறுபடி போனார். அரசனும் இல்லை, மனித எலும்பும் இல்லை, பொன்னும் இல்லை.

ஆனால் நடுவில் புல் இருந்தது. கட்டியவர்கள் வெட்டி அடுக்கிய புல்தரைத் துண்டுகள், நாலாயிரம் ஆண்டு கழித்தும் பச்சை மாறாமல்! அதற்குள் சிறகு முளைத்த எறும்புகளும் கிடந்தன. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்தால் என்ன காலம் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதேபோல, வேலை கோடையின் கடைசியில் தொடங்கியது என்று அட்கின்சன் கணித்தார். பின்னால் வந்தவர்கள் அதை அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. எனக்கோ அந்த எறும்புகள் பொற்கவசத்தைவிடப் பெரிய சொத்து.

அப்புறம் 2000 இல், 1776 இல் வெட்டிய அந்தக் குழி உள்வாங்கி உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. பழைய சுரங்கங்களை நிரப்ப 2007 இல் உள்ளே போனவர்கள், அட்கின்சன் வெட்டிய வழியாலேயே போய், அடுக்கடுக்காக மண்ணைப் பார்த்தார்கள். யாருக்கு இந்தச் சமாதி என்ற கேள்வியை விட்டு, எந்த மண் எதன்மேல் விழுந்தது என்று கேட்டார்கள். மேடு ஒரே திட்டத்தில் எழுந்ததல்ல என்று அப்போதுதான் தெளிவானது. கொஞ்சம் போட்டிருக்கிறார்கள், மேலே இன்னும் கொஞ்சம், பிறகு சுற்றிவர அகழி, அதை மூடிப் பெரிதாக இன்னொன்று.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது சரளைக்கல் கும்பி ஒன்று. ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை. நம் வீட்டு முற்றத்தில் லொறி கொட்டிவிட்டுப் போகிற அளவு. அதைப் போட்டவர்கள் 30 மீற்றரை நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.