ஆறு பத்துக்கு வந்தவர்

(வாக்காளர் தினக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முதல் ஓட்டுக்குக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கலாமா, பரிசு கொடுத்து வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு வாக்குச்சாவடிக்குப் போய்விட்டு வருவோம்.

வாத்தியாருக்குத் தேர்தல் டூட்டி தப்பாது. 2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் தலைமை அலுவலர். மாலை ஆறு மணிக்கு, வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்தோம். கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னே வருவதுதான் முறை. அப்போதுதான் வாலில் புதிதாக யாரும் ஒட்ட முடியாது. கேட்டைச் சாத்தியாயிற்று. ஆறு பத்துக்கு ஒருவர் ஓடி வருகிறார். தோளில் பை, சட்டை முழுக்கப் புழுதி. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. “சார், பஸ்ஸே கிடைக்கல சார், மூணு வண்டி மாறி வர்றேன்” என்றார். விதி விதிதான், அனுப்பிவிட்டேன். திண்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர், “சரி, அம்மாவையாவது பாத்துட்டுப் போறேன்” என்று எழுந்து போனார்.

எங்கள் கணக்கில் அவர் ஓட்டுப் போடாதவர். பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தாரே, அவரும் ஓட்டுப் போடாதவர். கட்டாயச் சட்டம் வந்தால் இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே நோட்டீஸ்தான் போகும்.

குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்படியொரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2014-இல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. ஓட்டுப் போடாவிட்டால் 100 ரூபாய் அபராதம் என்றார்கள். 2015-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஓட்டுப் போடும் உரிமையில் போடாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்பது வாதம். இருக்கட்டும். என் கண்ணில் பட்டது வேறு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தராத முதலாளிக்கு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம் விதிக்கிறது. லீவும் அந்த ஒரு நாளுக்குத்தான். திருப்பூரிலிருந்து போய்வரும் நாளை யார் கொடுப்பது?

ஆஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். உண்மைதான். 1922-இல் அங்கே நூற்றுக்கு அறுபது பேர்கூட வரவில்லை. 1924-இல் சட்டம் போட்டார்கள், அடுத்த ஆண்டே தொண்ணூறைத் தாண்டியது. இன்றும் அபராதம் 20 டாலர். ஆனால் வாக்குப்பதிவு சனிக்கிழமையில். உங்கள் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் போடலாம். அன்று ஊரில் இல்லையா, முன்கூட்டியே போடலாம், தபாலிலும் அனுப்பலாம். மக்களைக் கட்டாயப்படுத்திய அரசு தன்னையும் கட்டாயப்படுத்திக்கொண்டது. நாம் அந்த 20 டாலரை மட்டும் பார்க்கிறோம்.

பரிசா? மை வைத்த விரலைக் காட்டினால் ஓட்டலில் தள்ளுபடி என்பதெல்லாம் சரி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அரசே கையில் காசு கொடுக்க ஆரம்பித்தால்? 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாப் புகாரால் ரத்தான மாநிலம் இது. “கவர்மெண்டு இவ்வளவு தருது, நீங்க எவ்வளவு?” என்று கட்சிக்காரரிடம் பேரம் தொடங்க ஒரு நிமிடம் ஆகாது.

வெளியூரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தைச் செய்து, அதைக் காட்ட 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்தது. ஒரே பெட்டியில் 72 தொகுதிகளின் ஓட்டுகளைப் பதியலாம். எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு மாநிலத்துச் சாவடியில் சின்னக் கட்சி எப்படி ஏஜென்ட் உட்கார வைக்கும்? ஆனால் இயந்திரம் இல்லாமலும் வழி இருக்கிறது. நான் டூட்டியில் இருந்தேனே, என் ஓட்டு என்ன ஆயிற்று? தபாலில் போட்டுவிட்டேன். ஒரு படிவம், ஓர் உறை, முடிந்தது. ராணுவத்தில் இருப்பவருக்கும் தபால் ஓட்டு உண்டு. 85 வயதைத் தாண்டியவர் கேட்டால் வீட்டுக்கே சீட்டு வருகிறது.

பனியன் கம்பெனிக்காரருக்கு அந்தப் படிவம் கிடையாது.